ஐந்து மணிக்கு வர வேண்டியவர்

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை அணைத்தான். பல் தேய்த்தான். குளித்தான். தலையைத் துவட்டிய ஈரத் துண்டைக் கட்டிலின் இடப்பக்கம் போட்டான். கம்பெனிப் பெயர் தைத்த சாம்பல் நிறச் சட்டையை மாட்டிக்கொண்டான். காபியை நின்றபடியே குடித்தான். கப்பைக் கழுவிக் கவிழ்த்தான். கருவிப் பையைத் தோளில் போட்டு, கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

மனைவி இறந்த பிறகு ஒவ்வொரு காலையும் இப்படித்தான். அவன் லிஃப்ட் பராமரிப்பு எஞ்சினியர். பாதி ஊரின் லிஃப்டுகள் அவன் கைபட்டவை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பேச்சைத்தான் சுருட்டிக் கட்டி மூலையில் வைத்துவிட்டான். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு தலையசைப்பு. விடாமல் கேட்டால் ஒரு 'ம்'.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்த 'ம்' செல்லுபடியாகாது. மாமியார் போன் செய்வார். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று சுற்றி வளைத்து, ஒரே கேள்வியில் வந்து நிற்பார்.

"மாப்பிள்ளை, உள்ள கொண்டு போறப்ப நீங்கதானே கூட இருந்தீங்க. என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?"

சின்ன ஆபரேஷன்தான். ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்தவன் அவன் ஒருத்தன். மாமியார் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது மகள் இல்லை. மயக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை என்றார்கள். பெற்றவளுக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. அதற்கான பதில் இவன் தொண்டையில் இருந்தது. எடுத்துக் கொடுக்க முடியவில்லை. "அப்புறம் பேசறேன் அத்தை" என்று போனை வைத்துவிடுவான். வைத்த பிறகு அன்றைய பொழுது அதோடு போச்சு.

அவனுடைய அக்கா ஒரு வழி சொன்னாள். "நல்லதா ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போயேன்டா. 'அம்மாவப் பாத்துக்கோ'ன்னு சொன்னா, 'சிரிச்சுக்கிட்டே போனா'ன்னு. யாரு வந்து கேக்கப் போறா?"

"அவ கேப்பா" என்றான்.

தான் சொன்னதில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும் மல்லுக்கு நின்றவள் அவன் மனைவி. அவள் வாயில் இன்னொருத்தர் வார்த்தையை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அன்றைக்குத்தான் அக்கா படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தாள். மெத்தையின் இடப்பக்கம் கறுத்து, ஓரத்தில் பூசணம் பிடித்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னடா இது? மெத்தையில நாத்து நடப் போறியா?"

"துண்ட மறந்து போட்டுட்டேன்."

"மறந்து போட்டா ஒருநாள் நனையும். இது தினம் தினம் நனைஞ்ச மெத்தை. என்கிட்டயே கதை விடறியா?"

அவன் பிடி கொடுக்கவில்லை. அக்கா அங்கேயே உட்கார்ந்து யார் யாருக்கோ போன் போட்டாள். கடைசியில் நிமிர்ந்தாள். "ஒரு மேடம் இருக்காங்களாம். தனியா நடத்தறாங்க. மாத்திரை கிடையாது, மருந்து கிடையாது, உக்காந்து பேசறதுதான். வியாழக்கிழமை அஞ்சு மணி. உன் பேரக் குடுத்துட்டேன்."

"என்ன பேசறது?"

"அது உன் பாடு, அவங்க பாடு. நீ போகலைன்னு வை, வெள்ளிக்கிழமை ரெண்டு வாண்டையும் கூட்டிக்கிட்டு இங்கயே குடி வந்துடுவேன்."

அக்காவின் வாண்டுகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தான். போவதே மேல் என்று முடிவு செய்தான்.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராக அந்தக் கட்டடத்துக்குப் போனான். கீழே பல் டாக்டர், அதற்கு மேலே தையல் வகுப்பு, மூன்றாவது மாடியில் அந்த மேடம். லிஃப்ட் வரவில்லை. படியேறினான். அரை மணி நேரம் முன்பே போய்விட்டான். கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். அவன் சட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"அப்பாடா! லிஃப்ட் ஆளா நீங்க?"

ஆமாம், அவன் லிஃப்ட் ஆள்தான். தலையசைத்தான்.

"புண்ணியமாப் போச்சு. ஒரு வாரமா போன் பண்ணிப் பண்ணி விரலே தேஞ்சு போச்சு. மத்த மாடியில எல்லாம் ஒழுங்கா இருக்கு, இங்க வந்தா மட்டும் கதவு மூட மாட்டேங்குது. பாதி தூரம் வருது, அப்படியே திரும்பிப் போயிடுது. பாத்துடுங்க. எனக்கு அஞ்சு மணிக்கு ஒருத்தர் வரணும், நான் உள்ள இருக்கேன்."

அந்த ஒருத்தர் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான். அது அவன் கம்பெனி பார்க்கும் லிஃப்டும் இல்லை. ஆனால் கோளாறு என்று ஒன்று கண் முன்னால் நிற்கும்போது நாற்காலியில் போய் உட்கார்ந்து பேசுவதாவது? வாயை மூடிக்கொண்டு பையைத் திறந்தான்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து மூன்றாவது மாடி வாசலில் மண்டியிட்டான். அங்கிருந்து பார்த்தால் அறை தெரிந்தது. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி ஆனது. தாண்டியது. அவர் போனை எடுக்கவில்லை, புத்தகத்தைப் புரட்டவில்லை, வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கவும் இல்லை. ஆள் வந்து உட்கார்ந்துவிட்டது போலவே காலியான நாற்காலிக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வராத ஆளுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவன் கை ஒரு நொடி நின்றது. பிறகு வேலையைப் பார்த்தது.

கதவு ஓடுவதற்குத் தரையில் ஒரு பள்ளமான தடம் உண்டு. அதில் டார்ச் அடித்தான். வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். உருண்டையாக ஒன்று வந்தது. பின்னால் இன்னொன்று. கசக்கி, நனைந்து, காய்ந்து, கதவு மிதித்து மிதித்துக் கல்லாகிப் போன டிஷ்யூ பேப்பர். கை நிறைய வந்தது. இன்னும் வந்தது. மூன்றாவது மாடித் தடத்தில் மட்டும்.

வேலை முடிந்து, சுவிட்சைப் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டான். கதவு போய் வந்து போய் மூடியது. அவர் கைதட்டாத குறைதான்.

"என்ன கோளாறு?"

உருண்டைகளைக் காட்டினான். "இந்த மாடியில இருக்கறவங்களுக்கு எல்லாம் ஜலதோஷமா மேடம்?"

பல மாதங்களில் அவன் பேசிய நீளமான வாக்கியம் அது. அவர் உருண்டைகளைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஜலதோஷம் இல்லப்பா. என்கிட்ட வர்றவங்க. உள்ள அழுதுட்டு, லிஃப்டுக்கு நிக்கறப்ப மூஞ்சியத் துடைச்சுப் போட்டுட்டுப் போயிருக்காங்க."

அவன் கையில் இருந்ததை மறுபடி பார்த்தான். இத்தனை பேர். இத்தனை பேரும் அழுது முடித்து, முகம் துடைத்து, கீழே இறங்கி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"அஞ்சு மணிக்கு வர வேண்டியவர் வரல போலிருக்கே" என்றான்.

"வரல. முதல் தடவை வர்றவங்க சில பேர் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவாங்க. வரட்டும், பாக்கலாம்."

"நான்தான் மேடம் அந்த அஞ்சு மணி."

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடப் பாவி மனுஷா! உங்களுக்காகத்தான் அங்க உக்காந்து இருந்தேன். உங்களையே இங்க மண்டி போட வச்சிருக்கேனே!"

"வேலைன்னா செஞ்சுடுவேன். பேச்சுன்னாதான்..."

"அடுத்த வியாழக்கிழமை பையக் கீழ வச்சுட்டு வாங்க."

"ஒரு குப்பைக் கூடை வாங்கி லிஃப்டுகிட்ட வைங்க" என்றான். தான் சரிசெய்த லிஃப்டில் இறங்கினான். இறங்கும்போது வாய் லேசாக இழுத்தது போலிருந்தது. லிஃப்ட் சுவரின் கண்ணாடியில் பார்த்தால் சிரிப்பு.

அடுத்த வியாழக்கிழமை லிஃப்ட் பக்கத்தில் பச்சை நிறக் கூடை இருந்தது. பை இல்லாமல் போயிருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான். பேச்சு வரவில்லை. அவர் அவசரப்படுத்தவும் இல்லை.

"லிஃப்ட் நின்னு போச்சுன்னு கூப்பிட்டா நீங்க முதல்ல என்ன பாப்பீங்க?" என்றார் ஒரு கட்டத்தில்.

"கடைசியா எந்த மாடியில நின்னுச்சுன்னு." சொல்லிவிட்டு நிமிர்ந்தான். "மேடம், லிஃப்ட வச்சு என்னை வளைக்கப் பாக்கறீங்க."

"வளையறீங்களா?"

வளைந்தான். ஆஸ்பத்திரி வராண்டா. ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் கீச்சிட்டது. எண்ணெய் போட வேண்டும் என்று அவன் சொன்னதற்கு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தலையில் நீலத் தொப்பி. அதைக் காதுவரை இழுத்துவிட்டு எப்படி இருக்கு என்று கேட்டாள். பெரிய கதவு திறந்தது. கதவு மூடுவதற்குள் தலையைத் தூக்கி ஒன்று சொன்னாள். அவ்வளவுதான்.

"தினமும் காலையில ஒரு வேலை செய்யறேன் மேடம்" என்றான். "செய்யாதேன்னு அவ சொன்ன வேலை."

"ஏன் செய்யறீங்க?"

"செஞ்சா திரும்பி வருவேன்னு சொன்னா."

அவர் சற்று முன்னால் சாய்ந்தார்.

"வந்தாங்களா?"

"வரல" என்றான். சொன்னதும் எங்கிருந்தோ உடைத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது, அடக்கம் செய்த அன்று வராதது, அத்தனையும் வந்தது. அவர் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார்.

"லிஃப்டுல போட மாட்டேன்" என்றான் அழுகையின் நடுவே. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூச்சு சீரானதும் அவர் கேட்டார். "அவங்க என்ன சொன்னாங்கன்னு சொல்லணும்னு தோணுதா?"

"தோணுது. சொல்லவும் முடியும் போலிருக்கு." அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "ஆனா அத முதல்ல கேக்க வேண்டியவங்க நீங்க இல்ல மேடம்."

அவர் தலையாட்டினார். வாசல்வரை வந்து லிஃப்ட் பொத்தானைத் தானே அழுத்தினார். கதவு ஒரே இழுப்பில் மூடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். துவட்டிய துண்டோடு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். மெத்தை அங்கே இல்லை. முந்தைய நாள் மொட்டை மாடிக்கு ஒண்டியாய்த் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் சாய்த்திருந்தான். கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக்கு வந்தான். போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தான்.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"சாப்பாடு கிடக்கட்டும் அத்தை. நீங்க கேக்க வந்ததக் கேளுங்க."

மாமியார் மிக மெதுவாக, "என் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?"

"நல்ல வார்த்தையா எதிர்பாக்காதீங்க. அதான் இத்தனை நாளா வாய் வரல. என்னைத் திட்டினா."

"திட்டினாளா?" குரல் ஒரேயடியாக எழும்பியது. "அப்போ பயப்படலயா என் பொண்ணு?"

"பயமா? அவளா? என்னைத்தான் பயமுறுத்தினா."

மாமியார் அழுதார். அழுகைக்குள்ளிருந்து சிரிப்பு புறப்பட்டு வந்தது. "அவதான். சாட்சாத் அவளேதான். மாப்பிள்ளை, ஒரு எழுத்து குறைக்காதீங்க. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

ஒரே வகுப்பில் படித்துக் காதலித்தவர்கள். கல்லூரி நாட்களிலிருந்து அவனை வாடா போடா என்றுதான் கூப்பிட்டாள். அதை அவள் அம்மாவிடம் அப்படியே சொல்ல வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தான். ஈரத் துண்டை உதறினான். கொடியில் விரித்துப் போட்டான், இரண்டு முனையிலும் கிளிப் மாட்டினான். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, அவளுடைய அதே அதட்டலில் சொன்னான்.

"டேய் லிஃப்டு! நான் இல்லைன்னு ஈரத் துண்டக் கட்டில்ல போட்டு வச்சே, திரும்பி வந்து கொன்னுடுவேன்."