முத்திரை வைத்த கடல்

அலுவலகத்தில் அவரைச் சீல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய், மின்சார மீட்டரில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. மீட்டர் சீல் உடைந்திருந்தால் திருட்டு. உடையாமல் இருந்தால் கெட்டிக்காரத் திருட்டு. நடுவில் யோக்கியன் என்று ஒருவன் இருக்கலாம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால்கூட, நேற்று எந்த மட்டத்தில் இருந்தது என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கரண்டியைப் போடுவார். பொல்லாத மனிதர் இல்லை, பாவம். தன் நிழல் எதற்காகத் தன் பின்னாலேயே வருகிறது என்று யோசிக்கிற ரகம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவருக்கு ரத்த அழுத்தம் ஏறாமல் வேறு யாருக்கு ஏறும்? “மீன்தொட்டி ஒண்ணு வைங்க. பாத்துக்கிட்டே இருந்தா மனசு அடங்கும்” என்றார் டாக்டர்.

கடைக்குப் போனவரின் கண், தங்க மீன்களையெல்லாம் விட்டுவிட்டு மூலையில் இருந்த ஒரு குட்டித் தொட்டியில் போய் நின்றது. ஒரு குடம் தண்ணீர்தான் பிடிக்கும். ஆனால் உள்ளே இருந்தது கடல். ஒரு பாறை, கொஞ்சம் வெள்ளை மணல், பாறை மேல் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையாய் விரிந்து மூடும் பவளம். அவருக்கு அங்கேயே மனசு போய்விட்டது.

“சின்னதுதான் சார் கஷ்டம்” என்றார் கடைக்காரர். “பெரிய தொட்டியில தப்பு மெதுவா நடக்கும். இதுல கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள நடந்துடும்.”

பெரிய தொட்டியை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு, சின்னதையே, பாறையும் மணலும் மட்டும் போட்டு, வாங்கி வந்தார்.

வீட்டில் அவரும் மனைவியும்தான். கூடவே மனைவியின் தம்பி. அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டதால் வந்து தங்கியிருந்தான். பெற்றவர்கள் இல்லாத பையன். அக்கா வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. “அவனுக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பான். அவனை ஒரு சொல் சொல்லக்கூடாதுங்க” என்று மனைவி முதல் நாளே கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். இவரும் சரி என்று சொல்லியிருந்தார்.

கூடத்தில் மச்சினன் பாய் விரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி இருந்தது. அதன் மேல் தொட்டி ஏறியது. வாளியில் சுத்தத் தண்ணீர் நிரப்பி, கடல் உப்புத் தூளைக் கரைத்து, உப்புமானியில் அளந்து ஊற்றினார். பம்பு முனக ஆரம்பித்தது.

“கருவாடு போடுற தொட்டியா மாமா?” என்றான் மச்சினன்.

மனைவி சிரித்தாள். சீல்காரர் சிரிக்கவில்லை. பாய் போடும் இடத்தில் பாதி போன கோபம் பையனுக்கு என்று மனசில் குறித்துக்கொண்டார்.

தண்ணீர் பக்குவப்படக் காத்திருக்க வேண்டும், நடுவில் பழுப்புப் பாசி படியும், பிறகு தானே போய்விடும் என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் வெள்ளை மணல் ஒரு நாள் காலையில் பழுப்பாகக் கிடந்ததைக் கண்டதும் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: எவனோ உள்ளே எதையோ போட்டிருக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

தொட்டிக்கு சீல் வைத்தார். மீட்டருக்குப் போடும் கம்பியையே கட்டியிருப்பார், ஆனால் உலோகம் பட்டால் பவளம் செத்துவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்தியிருந்தார். அதனால் பொட்டலம் கட்டும் பருத்தி நூலை முறுக்கி எடுத்து, ஒரு முனையைத் தண்ணீருக்குள் பம்புக் குழாயில் முடிந்தார். மீதியால் மூடியைக் கட்டி, கண்ணாடி விளிம்பின் மேலாகப் பின்பக்கம் தொங்கவிட்டு, அலமாரியின் முதுகில் கைக்கு எட்டிய இடத்தில் அரக்கு வைத்து ஒட்டினார்; நூலின் மிச்ச வால் அதற்குக் கீழே கண்ணில் படாமல் தொங்கியது. அரக்கின் மேல் தன் மோதிரத்தை அழுத்தினார். தினமும் காலையில் அவரே அரக்கைப் பெயர்ப்பார், ஆவியாகிக் குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவார், மறுபடி சீல் வைப்பார்.

பாசி போனது. மணல் வெளுத்தது. சீல் வைத்ததால்தான் என்று நம்பினார். இரண்டு நத்தைகளையும் ஒரு பொத்தான் பவளத்தையும் வாங்கி விட்டார். பவளம் விரிந்த அன்று, டாக்டர் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்று நெஞ்சு லேசானது. மச்சினனைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு உப்பு குறையத் தொடங்கியது.

“ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான் சார், உப்பு அங்கேயே இருக்கும். அதனால நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க” என்று கடைக்காரர் சொன்னபடிதான் ஊற்றி வந்தார். அப்படியானால் உப்புக்குக் கால் முளைத்ததா? போன் போட்டுக் கேட்டார்.

“எங்கயாவது ஒழுகுதா பாருங்க சார். கடல் தண்ணி ஒழுகி, நீங்க நல்ல தண்ணி ஊத்தினா உப்பு குறையத்தான் செய்யும்.”

குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு காலையும் பார்த்தார். ஒவ்வொரு காலையும் காய்ந்துதான் கிடந்தது. சீலும் உடையவில்லை. நூல் ஈரமாக இருந்தது. தொட்டிக்குள் கிடக்கிற நூல் ஈரமாக இல்லாமல் என்ன செய்யும்?

சீல் முழுசு, கணக்கு குறைவு. அவர் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம். யாரோ சீலை அலுங்காமல் கழற்றி, உள்ளே இருப்பதை மொண்டுவிட்டு, குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறான். தொட்டிக்குப் பக்கத்தில் படுப்பவன் எவன்?

நத்தைகள் இரண்டும் மணலில் கவிழ்ந்து கிடந்த காலையில் அவருக்குப் பொறுக்கவில்லை. “மாப்ள, தொட்டியில கை வச்சியா?”

மச்சினனின் முகம் வெளிறியது. அவன் பார்வை அலமாரிக்குப் பின்னால் ஓடித் திரும்பியது. “இல்ல மாமா. சத்தியமா நான் தொடல.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். எத்தனை வீட்டு வாசலில் இந்த முகத்தைப் பார்த்திருப்பார்!

“பொய் சொல்லாதே. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். வீட்டுல இடம் குடுத்தா, வாயில்லாப் பூச்சிகிட்டயா உன் கோபத்தக் காட்டுவே?”

“என்னங்க!” என்று மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

 மச்சினன் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். துணிகளைப் பையில் திணித்துக்கொண்டான். “வரேன்க்கா” என்றான். அவள் படிவரைக்கும் பின்னாலேயே போய்க் கெஞ்சினாள். அவன் நிற்கவில்லை.

அன்று அவள் அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சீல்காரர் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உப்புமானியை எடுத்துப் பார்த்தார்.

உப்பு இன்னும் குறைந்திருந்தது.

எழுந்தபோது காலடியில் பிசுபிசுவென்று ஈரம். அலமாரிக்கு அடியிலிருந்து தண்ணீர் கோடு போட்டு வந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், கரித்தது. அலமாரியை நகர்த்தினார். அதன் முதுகில், அரக்கு முத்திரைக்குக் கீழே, வெள்ளையாக உப்பு பூத்து வழிந்திருந்தது. நூலின் வாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, கனத்து, விழுந்தது. அடுத்தது திரண்டது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அவர் கட்டிய நூலே தொட்டித் தண்ணீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

அப்படியானால் இத்தனை நாள் தரை எப்படிக் காய்ந்து கிடந்தது?

சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே, சொட்டு விழாத ஓரத்தில், ஒரு துண்டு மடித்துச் செருகியிருந்தது. மச்சினனின் நீலக் கட்டம் போட்ட துண்டு. உப்பேறி அட்டைபோல விறைத்திருந்தது. இவர் எழுவதற்கு முன்னால் எழுந்து, தினமும் துடைத்திருக்கிறான்.

மனைவி வந்து பின்னால் நின்றாள். துண்டைப் பார்த்தாள்.

“ஒழுகுதுன்னு அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். 

“சொல்லியிருந்தா நீங்க என்ன கேட்டிருப்பீங்க?”

‘நீதானே இடிச்சு உடைச்சே?’ என்றுதான் கேட்டிருப்பார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்கு அவமானமாக இருந்தது. நூலை அறுத்து எறிந்துவிட்டு, துண்டைக் கையில் வைத்துக்கொண்டே போனை எடுத்தார்.

மணி வெகுநேரம் அடித்த பிறகு மச்சினன் எடுத்தான்.

“மாப்ள…” என்று ஆரம்பித்தார்.

“மாமா, நான் எதையும் எடுத்துட்டு வரல மாமா” என்றான் அவன் அவசரமாக. “என் துணி மட்டும்தான் இருக்கு. வேணும்னா பையப் பாத்துக்குங்க.”

“அதுக்கு இல்லடா. தப்பு என்னோடது. எங்க இருக்கேன்னு சொல்லு, நான் வந்து கூட்டிட்டு வரேன்.”

 “எதுக்கு மாமா?” என்று கேட்டான் அவன், சீல்காரரின் அதே சந்தேகக் குரலில்.