யாங்கோவோட விரல்

டேப்லெட்டைக் கையில குடுக்கும்போதே பாலர் பள்ளி டீச்சர் நிரெண்டா மேடம் படிச்சுப் படிச்சு சொன்னாங்க. "அம்மாவும் பிள்ளையும் ஒண்ணா உக்காரணும். ஆனா தொடுறது பிள்ளையோட விரலா இருக்கணும். கேட்டுச்சா, யாங்கோ அம்மா?"

கேட்டுச்சு. காதெல்லாம் எனக்கு நல்லாத்தான் இருக்கு. புத்திதான் இல்ல.

சலிமாங்கிற எங்க ஊர்ல, பாலர் பள்ளியில நாப்பது பிள்ளைங்க. வாரத்துல மூணு நாள் சாயங்காலம் டேப்லெட்டை வீட்டுக்குக் குடுத்து விடுவாங்க. நாலு மாசம் முடிஞ்சதும் அதுலயே ஒரு பரீட்சை. முதல் பத்துப் பேருக்கு மிஷன் பள்ளியில இடம், எல்லாம் இலவசம். மத்த பிள்ளைங்களுக்கு எப்பவும் போல அரசாங்கப் பள்ளியோட மாமரத்தடிதான். நூத்தம்பது பேருக்கு ஒரு வாத்தியார். அங்கதான் நான் ரெண்டு வருஷம் உக்காந்துட்டு, என் பேரைக்கூட எழுதத் தெரியாம வெளிய வந்தேன். என் பொண்ணு அங்க போகக்கூடாது. எனக்கு வேற ஆசையே இல்ல.

யாங்கோவுக்கு அஞ்சு வயசு. அவளுக்கு அதுல பிடிச்சது ஆட்டுப் படம். தொட்டா கத்தும். இவ தொடுவா, அது கத்தும், இவ சிரிப்பா. இருபது தடவை, முப்பது தடவை. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"ஆடு நம்ம வாசல்லயே நிக்குதேடி! எழுத்தைத் தொடு!"

"அது நான் தொட்டா கத்தாதும்மா. இதுதான் கத்துது."

முதல்ல அவ விரலைப் பிடிச்சு நகர்த்தினேன். அப்புறம் அவ விரலை விட்டுட்டு நானே தொட ஆரம்பிச்சேன். சரியாத் தொட்டா பச்சை டிக் விழும். டேப்லெட் கை தட்டி, "ரொம்ப நல்லா பண்ணினே!"ன்னு நம்ம சிச்சேவா பாஷையிலயே சொல்லும். முப்பத்தொரு வயசு வரைக்கும் என்கிட்ட யாருங்க அப்படிச் சொன்னா? மாண்டாசி பலகாரத்துக்கு மாவு பிசைஞ்ச கையைத் துடைச்சதும் உக்காந்துடுவேன். யாங்கோவும் அது கூடவே எனக்குக் கை தட்டுவா. சலிச்சுப்போனா வாசல் ஆட்டுகிட்ட ஓடிடுவா. நான் கூப்பிடல. அவ பேர்ல நான் டேப்லெட் பாடத்துல ஒன்பதாம் படி வரைக்கும் ஏறிட்டேன்.

பக்கத்து வீட்டு எஸ்நாட்டோட பையன் பெம்பேரோ அப்ப நாலாம் படியிலதான் தடுமாறிட்டு இருந்தான். "உன் மவன் இன்னும் அந்தப் படத்துல மீனுக்கு வால் தேடுறானா?"ன்னு கேலி பண்ணினேன். வாய்க்கொழுப்பு.

"தேடட்டுமே. அவனாத்தானே தேடுறான்"னா எஸ்நாட்.

பரீட்சை அன்னிக்கு அம்மாக்களையெல்லாம் ஜன்னலுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. பத்துக் கேள்வி. எந்தப் பிள்ளை எந்தப் படியில இருக்கோ, அந்தப் படியிலேருந்து. யாங்கோவுக்குத் திறந்தது ஒன்பது. படமே கிடையாது, முழுக்க வாக்கியம். அவ ஆட்டைத் தேடினா. மேல தேடினா, கீழ தேடினா. அப்புறம் திரும்பி ஜன்னல்ல என்னைப் பார்த்தா. அய்யோ, அந்தப் பார்வை.

முடிஞ்சதும் மேடம்கிட்ட ஓடினேன். "நான்தான் தொட்டேன் மேடம். எல்லாமே நான்தான். பிள்ளைக்கு ஒண்ணாம் படியிலேருந்து மறுபடி வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேடம் டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. "மார்க் மேலிடத்துக்குப் போயிடுச்சு, அம்மா. அது என் கையில இல்ல."

வெள்ளிக்கிழமை கதவுல பட்டியல் ஒட்டியிருந்தாங்க. மேடம் இன்னும் வரல. "யாராச்சும் படிங்களேன்!"னு எஸ்நாட் கையைப் பிசைஞ்சா. அங்க நின்ன பொம்பளைங்கள்ல இப்ப படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

சத்தமாப் படிச்சேன். மூணாவது பேரு பெம்பேரோ. எஸ்நாட் குலவை போட்டா. நாலு, அஞ்சு, ஆறு... பத்து வரைக்கும் படிச்சேன். யாங்கோ இல்ல. கீழேருந்து மேல படிச்சேன். நான் தப்பாப் படிச்சிருக்கணும், கடவுளேன்னு வேண்டிக்கிட்டே படிச்சேன். ஒரு எழுத்துகூடத் தப்பல.

யாங்கோ என் இடுப்புத் துணியை இழுத்தா. "இவ்வளவும் நீயே படிச்சியாம்மா?"

"ஆமாடி."

அவ ரெண்டு கையையும் தட்டினா. "ரொம்ப நல்லா பண்ணினே!"