இடைத்தங்கல்

மேகம் கலைவதாக இல்லை.

அர்ஷத் மொட்டைமாடியில் நின்று மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் புகையும் ஐப்பசி மேகமும் கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் கிடந்தன. கீழே புதுவாயல் கூட்டுரோட்டில் கல்கத்தா லாரிகள் ஹாரன் அடித்தன. தெருவில் மாடிக்கு மாடி ஆள் நின்று பிறையைத் தேடினார்கள். அவனளவுக்கு யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

இன்று பிறை தெரிந்தால் நாளை பெருநாள். அவனுடைய விமானம் நாளை ராத்திரி. காலையில் பள்ளிவாசலுக்குப் போய் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். பெருநாள் தொழுகை முடிந்தால் பக்கத்தில் இருப்பவன் யாரானாலும் கட்டித் தழுவித்தான் ஆக வேண்டும். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள்கூடத் தழுவிக்கொள்வார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் வாப்பா அவனை விலக்க முடியாது.

தெரியாவிட்டால் பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போகும். விமானம் தள்ளிப்போகாது.

"தெரிதாடா?" அக்கா ஹாஜிரா படியேறி வந்தாள்.

"மழதான் தெரிது."

"பார்த்துக்கினே நின்னா மட்டும் வந்துடுமா? எறங்கி வா."

கீழே வாப்பாவின் கடை. பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கான கையுறை, சேஃப்டி ஷூ, வெல்டிங் கண்ணாடி. அசன் முகைதீன் பாய் கடை என்றால் சிப்காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஷிஃப்ட் முடிந்து வந்த பாக்கியராஜ் ஒரு காலில் புது ஷூவும் ஒரு காலில் பழைய செருப்புமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பாய், நாளைக்கா நாளான்னிக்கா? எங்க கம்பெனில லீவு போர்டு எழுத சாக்பீஸை கையில வெச்சிக்கினு நிக்கிறானுங்க."

"பொறைய கேளு," என்றார் வாப்பா.

"பொறை எங்க லைன்ல வராது பாய். பிரியாணி எப்பன்னு மட்டும் சொல்லுங்க, நைட் ஷிஃப்ட மாத்திக்கிறேன்."

வாப்பா சிரித்தார். அர்ஷத் படியில் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தான். அவன் பக்கம் திரும்பும்போது அது முடிந்திருந்தது.

சென்னையிலிருந்து தகவல் வந்தது. எங்கும் பிறை தெரியவில்லை. நோன்பு முப்பதும் முழுமையாகும் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது.

"ஹாஜிரா," வாப்பா உள்ளே பார்த்துச் சொன்னார், "விடியறதுக்கு முன்ன சஹருக்கு அவனையும் எழுப்பு. அவனுக்கு முப்பத்தொண்ணு ஆவும். ஆனாலும் ஊரோட சேர்ந்துதான் புடிக்கணும்னு சொல்லு."

அர்ஷத் நான்கடி தள்ளித்தான் நின்றான்.

துபாயில் ஒரு நாள் முன்னதாக நோன்பு தொடங்கும். அவன் அங்கே தொடங்கி இங்கே வந்தவன். வாப்பா அதைக் கணக்கு வைத்திருக்கிறார். ஆனால் அவனிடம் பேச மாட்டார். அவன் வந்ததிலிருந்து எல்லாம் ஹாஜிரா வழியாகத்தான். சாப்பிட்டானா கேளு. ஃபேனைப் போட்டுக்கச் சொல்லு. உம்மா மௌத்தானதிலிருந்து இப்படித்தான்.

உம்மா இறந்த அன்று அவன் பாங்காக்கில் இருந்தான். துபாயில் பம்புகள் செய்யும் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர் வேலை. மாதம் பாதி நாள் விமானத்தில். பறக்கப் பறக்க அவன் பேரில் மைல் சேர்ந்தது. சேர்ந்த மைலுக்கு டிக்கெட் கொடுப்பார்கள். ஒரு ஊருக்குப் போகும் டிக்கெட்டில் வழியில் இன்னொரு ஊரிலும் இறங்கித் தங்கலாம், அதற்குத் தனியாக மைல் கேட்க மாட்டார்கள். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவனுக்கு அது ஒரு பித்து. லீவு கிடைத்தால் போதும், மணிலா போகிற வழியில் பாங்காக். ரோமிங் காசு எதற்கு என்று போனை அணைத்து வைத்திருந்தான். உம்மா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு போனார். அந்தி மஃரிப் தொழுகைக்குள் அடக்கிவிட்டார்கள். அவன் போனைத் திறந்தபோது உம்மா மண்ணுக்குள் போய் ஒரு முழு நாள் ஆகியிருந்தது.

வாப்பா போனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "சுத்தி முடிச்சிட்டு நெதானமா வா."

அதற்குப் பிறகு அவனோடு பேச்சே இல்லை.

இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. துபாய்க் கணக்கை முடித்துக்கொள்வதென்று, மிச்சமிருந்த மைலையெல்லாம் கொட்டி டிக்கெட் எடுத்தான். துபாயிலிருந்து சிங்கப்பூர், வழியில் சென்னை. மைல் டிக்கெட்டுக்கு ஒரு விமானத்தில் நாலைந்து சீட்தான் ஒதுக்குவார்கள், அதனால் கோடையிலேயே போட்டுவிட்டான். துபாய் காலண்டரைப் பார்த்து, நம்மூருக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டான். மேகத்துக்கு என்று எதுவும் கூட்டவில்லை.

மறுநாள் காலை மைல் கணக்கு வைத்திருக்கும் ஆபீசுக்குப் போன் போட்டான். பாட்டு ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

ஒரு நாள் தள்ளி வேண்டும் என்றான்.

அடுத்த வாரம்தான் இருக்கிறது என்றாள்.

இன்று ஏறாவிட்டால்?

மீதி டிக்கெட் காலாவதியாகிவிடும் சார், மைலும் திரும்பாது என்றாள். அவள் குரலில் வருத்தமும் இல்லை, அவசரமும் இல்லை.

மைல் போனால் போகட்டும். காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்று கும்மிடிப்பூண்டி பஜாருக்கு ஓடினான். டிராவல்ஸ் துளசிராமன் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"பெருநாளு, தீபாவளி, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து உக்காந்துக்கினு இருக்கு நைனா. சிங்கப்பூருக்கு நின்னுக்கினு போகக்கூட எடமில்ல."

"கொழும்பு வழியா?"

"அதுவும் ஃபுல்லு. உனக்கு எப்ப ஜாயின் பண்ணணும்?"

"நாளான்னிக்குக் காலைல. கப்பல் உள்ள வந்துடும். நான் இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்புட்டுக்குவாங்க."

துளசிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப கைல இருக்கிறதுல ஏறிடு. பேஜாரு புடிச்ச நேரம் இது, வெளாடாத."

வீட்டுக்கு வந்தபோது ஹாஜிரா அவன் பையருகே உட்கார்ந்திருந்தாள். துவைக்கத் துணி எடுத்தவளின் கையில் டிக்கெட் அச்சு மாட்டியிருந்தது.

"இன்னாடா இது? துபாய், சென்னை, சிங்கப்பூர். பெருநாளுக்கு வந்தேன், அப்பறம் சிங்கப்பூரு போறேன்னுதானே சொன்ன?"

"ஆமா. அதான்."

"ஒரே டிக்கெட்டா இருக்கு. அந்த மைலு டிக்கெட்டா?"

அவன் அதை வாங்கக் கை நீட்டினான்.

"அப்ப நீ பெருநாளுக்கு வர்ல. வழில எறங்கியிருக்க. பாங்காக்குல எறங்கின மாரி."

"அக்கா, அப்டி இல்ல. பெருநாள் எப்பன்னு பார்த்துதான் போட்டேன். சத்தியமா."

"நம்ம ஊடு இன்னா, உனக்கு பொன்னேரி ஸ்டேஷனா?"

"வாப்பாகிட்ட சொல்லாத."

"ராத்திரி நீ பொட்டியத் தூக்கினு போவும்போது அவருக்குக் கண்ணு தெரியாதா? சொல்லித்தான் ஆவணும். நான் சொல்றேன். நீ வாயத் தொறக்காத, தொறந்தா ஏதாச்சும் கெடுத்துடுவ."

அவள் கடைக்குப் போனாள். அவன் சுவரோரம் நின்று காது கொடுத்தான். லாரிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தவளின் முகத்தில் ஒன்றும் இல்லை.

"இன்னா சொன்னாரு?"

"சரின்னாரு."

"அவ்ளோதானா?"

"ஷூ டப்பா அடுக்கிக்கினு இருந்தாரு. அடுக்கினதையே எறக்கி மறுபடி அடுக்குறாரு."

அவள் அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். பெருநாள் காலையில் ஏழைகளுக்குக் கொடுக்கும் ஃபித்ரா அரிசி. வீட்டில் ஆளுக்கு ஒரு பை. ஹாஜிராவின் கணவர் யாசர் குவைத்தில் தன்னுடையதை அங்கேயே கொடுத்துவிடுவார். அர்ஷத்தும் துபாயில் கொடுத்துவிடுவான். ஆனாலும் வாப்பா அவன் பேருக்கு இங்கே ஒரு பை கட்டாமல் இருந்ததில்லை.

"உம்மா போன பெறவு கட்டல. நான் கேட்டேன். இந்த ஊட்ல இருக்கிறவங்களுக்குத்தான் அளக்கணும்னாரு."

மழை பிடித்துக்கொண்டது.

வண்டிக்குச் சொல்லியிருந்த கலியன் சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்கே வந்து வாசலில் நிறுத்தினான். "சார், ரெட்ஹில்ஸ்ல தண்ணி நிக்குதாம். காரனோடை பாலத்துகிட்ட லாரி ஒண்ணு கவுந்துக்கினு கெடக்கு. இப்பவே கெளம்பினாத்தான் உண்டு."

"நோன்பு தொறந்துட்டுப் போலாம்."

"வண்டிலயே தொறந்துக்கலாம் சார். பேரீச்சம்பழம் வாங்கி வெச்சிருக்கேன்."

அர்ஷத் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தான். மறுபடி உள்ளே வந்தான். மறுபடி வாசலுக்குப் போனான். கலியன் கடிகாரத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்தான், அது இன்னும் மோசமாக இருந்தது. இப்போது போனால் விமானம் உறுதி. வாப்பா கடையில் இருக்கிறார். போய் என்ன சொல்வது? வழியில் இறங்கினேன், கிளம்புகிறேன் என்றா?

கலியன் ஹாரன் அடித்தான்.

"கொஞ்சம் பொறுப்பா," என்றான் அர்ஷத். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "தொறந்துட்டுதான் வருவேன்."

"உங்க இஷ்டம் சார். ஃப்ளைட்டு போச்சுன்னா என்ன திட்டக் கூடாது."

விமானம் போய்விடலாம். போனால் வேலையும் போகும். தெரிந்துதான் உள்ளே போய் உட்கார்ந்தான்.

பாங்கு சொன்னார்கள். வாப்பா கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து நோன்பு திறந்தார்கள். கஞ்சி சுட்டது. வெளியே கலியன் இன்ஜினைப் போட்டுவிட்டு அணைத்தான்.

வாப்பா வாய் கொப்பளித்துவிட்டு எழுந்தார். பள்ளிவாசலுக்குப் போவார், அவர் திரும்புவதற்குள் நான் போயிருப்பேன் என்று அர்ஷத் நினைத்தான். அவர் அடுக்களைக்குப் போனார். அரிசி மூட்டையை இழுத்து வந்தார். படியும் துணிப் பைகளும் எடுத்து வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார்.

"காலைலதானே அளப்பீங்க வாப்பா?" என்றாள் ஹாஜிரா.

"பொழுது சாஞ்சிடுச்சி. நோன்பு முடிஞ்சிடுச்சி. இது பெருநாள் ராவு." அவர் படியை அரிசிக்குள் விட்டார். "பொழுது சாயும்போது ஊட்ல யார் இருக்காங்களோ, அவங்களுக்குக் கடமை."

ஒரு பை கட்டினார். "எனக்கு."

இன்னொன்று கட்டினார். "உனக்கு."

படி கையிலேயே இருந்தது. மழைத் தண்ணீர் ஓட்டைக் குழாயிலிருந்து வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது. அர்ஷத் வாளியைப் பார்த்தான். அரிசியைப் பார்க்க முடியவில்லை.

அரிசி சரிகிற சத்தம் கேட்டது. வாப்பா மூன்றாவது பையை விரித்திருந்தார். தலைதட்டி அளந்தார். அவருடைய கை மெதுவாகத்தான் வேலை செய்தது. முடிச்சுப் போட்டு, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.

எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். கலியன் வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்தான்.

அர்ஷத் எழுந்தான். தழுவலாமா, கையைப் பிடிக்கலாமா என்று தெரியாமல் பாயைச் சுருட்டப் போனான்.

"அதை அவ சுருட்டுவா," என்றார் வாப்பா. ஹாஜிராவைப் பார்த்து அல்ல. "வண்டில ஏறு. போனை ஆஃப் பண்ணிக்கினு கெடக்காத."

குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் பள்ளிவாசல் பக்கம் போய்விட்டார்.

கலியன் சோழவரம் ஏரிக்கரை வழியாக எங்கெங்கோ புகுந்து ஓட்டினான். அர்ஷத் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. விமான நிலையத்தில் அவன் பெயரை இரண்டு முறை அழைத்துவிட்டிருந்தார்கள். கடைசி ஆளாக ஏறினான். பெல்ட் போடும்போதும் ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

பணிப்பெண் அருகில் வந்து குனிந்தாள். போனை அணையுங்கள் சார் என்றாள்.

அவன் தலையாட்டினான். அணைக்கவில்லை. அவள் இரண்டு வரிசை தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். சார், என்றாள் மறுபடி.

"ஒரே ஒரு கால்."

கடை எண்ணுக்குத்தான் போட்டான். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"வாப்பா. ஏறிட்டேன். இப்ப ஆஃப் பண்ணச் சொல்றாங்க."

அந்தப் பக்கம் பெருநாள் தக்பீர் முழக்கம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டது. மழையும் கேட்டது.

"எத்தினி நேரம்?"

"நாலு மணி நேரம். எறங்கின உடனே போட்டுடுவேன்."

"சரி," என்றார். வைத்துவிட்டாரோ என்று அர்ஷத் போனைக் காதோடு அழுத்தினான்.

"ஆஃப் பண்ணு," என்றார் வாப்பா. "நான் முழிச்சிக்கினுதான் இருப்பேன்."