மூன்று பேரின் கையெழுத்து

“நீ வாயைத் தெறந்து பேசுவியா, மாட்டியா?” என்று மாதவராஜ் முதலாளி என்னைக் கேட்டது, வியாபாரிகள் சங்க அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே சிரித்துவிட்டு, “சரி போ. பேசாத ஆளுதான் இந்த வேலைக்கு நல்லது” என்றார்.

அலுவலகத்தைக் கூட்ட வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், கூட்டம் நடந்தால் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால்தான் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுத்து கண்ணுக்குத் தெரியும், சத்தம் வராது. பின் பெஞ்சில் பையன்கள் வேண்டுமென்றே இருமுவார்கள். அதற்குப் பயந்து ஒருநாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேன். அப்புறம் போகவே இல்லை.

எங்கள் ஊர் பாலக்கோடு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பாலக்கோடு அளவுக்கு இல்லாவிட்டாலும் இங்கேயும் ஒரு தக்காளி மார்க்கெட் உண்டு. மண்டிக்காரர்களுக்குத் தலைவர் மாதவராஜ் முதலாளி. பெட்டி தூக்குகிறவர்களின் சங்கத்துக்குச் சவுரியப்பன். பேரூராட்சிக்கு நிர்மலாதேவி அம்மா. குப்பையை யார் அள்ளுவது என்று இரண்டு வருடம் சண்டை போட்ட பிறகு மூன்று பேரும் சேர்ந்து கூட்டுக்குழு என்று ஒன்று வைத்தார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடுவார்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்த பிறகுதான் கையெழுத்து. மூன்று கையெழுத்தும் விழுந்துவிட்டால் அந்த வேலை நடந்தே தீரும். பெண்களுக்குக் கழிப்பறை வந்தது அப்படித்தான். குடிதண்ணீர்க் குழாயும் அப்படித்தான். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைத்ததில்லை.

போன தை மாதம் மார்க்கெட் சாக்கடையின்மேல் சிலாப் போட்டார்கள். சிமெண்டை மண்டிக்காரர்கள் கொடுத்தார்கள். கம்பியும் ஜல்லியும் பேரூராட்சி. சுமைச் சங்கத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் வேலை செய்தார்கள். என் அப்பா பச்சியப்பனும் செய்தார். இருநூறு அடிக்கு வழவழவென்று சிலாப். அதன்மேல் பெட்டி இறக்கலாம், தள்ளுவண்டி ஓட்டலாம்.

வரைபடத்தில் மூன்று இடத்தில் மூடி போட்டிருந்தது. அடைத்துக்கொண்டால் திறந்து சுத்தம் செய்வதற்கு. முதல் மூடி மாதவராஜ் முதலாளியின் மண்டிக்கு நேராக வந்தது. நாற்றம் வரும், தள்ளி வையுங்கள் என்றார். இரண்டாவது தள்ளுவண்டி திரும்புகிற இடம். சக்கரம் மாட்டும் என்று சவுரியப்பன் சொன்னார். மூன்றாவது பஸ் நிற்கிற இடத்தில். ஜனங்கள் தடுக்கி விழுந்தால் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று நிர்மலாதேவி அம்மா சொன்னார். யாரும் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. ‘மூடி வைக்கும் இடம் பிறகு முடிவு செய்யப்படும்’ என்று மூன்று கூட்டத்திலும் நான்தான் எழுதினேன். அதற்குள் கான்கிரீட் காய்ந்துவிட்டது.

விலை விழுந்த நாட்களில் அழுகின தக்காளியை எல்லாம் சிலாப் ஆரம்பிக்கிற இடத்தில் சாக்கடைக்குள் தள்ளினார்கள். கடைகளின் கக்கூஸ் குழாயும் அதற்குள்தான் போகிறது. ஆவணி மழையில் உள்ளே அடைத்துக்கொண்டது. கறுப்புத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஏறியது. வீட்டுக்கு ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் அக்காவின் குழந்தையைத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சிலாப் முடிகிற இடத்தில் ஒரு குட்டிப்பாலம். அதன் அடியில் சாக்கடை வாய் திறந்திருக்கும், ஆள் குனிந்து போகிற உயரம். திங்கட்கிழமை நான் டீத் தூக்கோடு வரும்போது ஒரு நாய் எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டு அதற்குள் போனது. கொஞ்ச தூரத்தில் அது முனகுவது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. டீ ஆறிப்போகும்வரை நின்றேன். நாய் வரவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

புதன்கிழமை மத்தியானம் கூட்டம். மறுநாள் காலை கலெக்டர் ஆபீசிலிருந்து அதிகாரி அடைப்பைப் பார்வையிட வருவதாக இருந்தது.

“அடைப்பை உறிஞ்சற லாரி வந்துச்சுங்களே, என்னாச்சு?” என்று மாதவராஜ் முதலாளி கேட்டார்.

“வந்து என்ன பண்றது? குழாயை எங்க வுடறது? மூடியே இல்ல. பாலத்துப் பக்கம் வுட்டா அடைப்பு வரைக்கும் எட்டல. டிரைவரு சிரிச்சிட்டுப் போறான்” என்றார் நிர்மலாதேவி அம்மா.

“ஒடைக்கணும்” என்றார் சவுரியப்பன்.

“எங்க ஒடைப்பீங்க? ஒடைச்சா நாலு நாள் லோடு நிக்கும். இப்பத்தான் வெல ஏறுது. உங்க ஆளுங்களுக்குத்தான் வேலை போவும், சவுரி” என்றார் மாதவராஜ் முதலாளி.

“அது சரிதான்” என்று சவுரியப்பன் தாடியைச் சொறிந்தார்.

“எட்டு மாசம் ஆவல, அதுக்குள்ள ஒடைச்சா ஆடிட்டுல என்னைக் குடைவாங்க” என்றார் நிர்மலாதேவி அம்மா.

மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“பாலத்துப் பக்கமா ஒரு ஆளு போயி கம்பியால குத்தி வுட்டா போதும். நூறு அடிதான்” என்றார் சவுரியப்பன்.

“ஆளை எறக்கக் கூடாதுன்னு என் ஆபீஸ் செவுத்துலயே எழுதியிருக்குதுண்ணா.”

“அது கக்கூஸ் தொட்டிக்குங்க, தலைவரம்மா. இது மழைத்தண்ணிக் கால்வாய்தானே?” என்றார் சவுரியப்பன்.

நிர்மலாதேவி அம்மா கைப்பேசியைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாக, “யாரு போவாங்க?” என்று கேட்டார்.

“பச்சியப்பன் போவான். சிலாப்பு போட்டவனே அவன்தான். காலையிலயே கேட்டுட்டேன். அஞ்சு மணிக்கு எறங்கிடுவான்” என்றார் சவுரியப்பன்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது கொஞ்ச நேரம் என் காதில் ஏறவில்லை. நான் யாருடைய மகள் என்று சவுரியப்பனுக்கு நன்றாகத் தெரியும். என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார்.

“இந்தா பாப்பா,” என்று மாதவராஜ் முதலாளி கூப்பிட்டார். “‘அடைப்பை நீக்க நடவடிக்கை எடுக்கப்படும்’னு மட்டும் எழுது. ஆளு பேரெல்லாம் வேணாம். டீ சொல்லிட்டு வந்து எழுது.”

படிக்கட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நைலான் கயிறு ஒரு சுருள். பழைய டிரவுசர் போட்டிருந்தார்.

“அப்பா, வேணாம்ப்பா” என்றேன்.

“மெல்லப் பேசு. நம்பரு தரேன்னு சொல்லிட்டாங்க.”

எட்டு வருடமாக அப்பா பதிலி ஆள். சங்கத்தில் நிரந்தர நம்பர் உள்ளவர்கள் வராத அன்றைக்குத்தான் அவருக்கு லோடு. அப்பா பேசுவதே அந்த நம்பரைப் பற்றித்தான்.

“ஒரு நாயி உள்ள போச்சுப்பா. திரும்பி வரல.”

அப்பா சிரிக்கப் பார்த்தார். “நாய்க்குக் கயிறு கட்டியிருந்தாங்களா? எனக்குக் கட்டறாங்கல்ல. உள்ள எங்க கல்லு இருக்குது, எங்க மேடுன்னு எனக்குத் தெரியும்.” கயிற்றின் நுனியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். “உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. வூட்டுக்குப் போயி நானே சொல்லிக்கிறேன்.”

அவருக்கும் பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டீ சொல்லிவிட்டு மேலே போனேன். அவர்கள் நாளை அதிகாரிக்கு எங்கே சாப்பாடு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நோட்டைத் திறந்து தேதி போட்டேன். ‘அடைப்பை நீக்க’ என்று எழுதுவதற்காகத்தான் பேனாவை வைத்தேன். பேனா வேறு எதையோ எழுதியது என்று சொன்னால் பொய். நான்தான் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் வாசலைப் பார்த்தேன். கிழித்துவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. தீர்மான நோட்டில் பக்கத்துக்கு நம்பர் அச்சடித்திருக்கும், கிழித்தால் தெரிந்துவிடும்.

டீ வந்தது. குடித்தார்கள். மாதவராஜ் முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை இழுத்தார். நான் பேசமாட்டேன் என்பதால் எப்போதும் அவர்தான் படிப்பார்.

“கூட்டுக்குழுவின் அவசரக் கூட்டம்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கண் மட்டும் கீழே இறங்கியது. முகம் மாறியது.

“என்னாங்கண்ணா?” என்றார் நிர்மலாதேவி அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். “யாரு சொல்லி எழுதின இத?”

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“கேக்கறேன்ல? யாரு எழுதச் சொன்னது?” நோட்டை மேசைமேல் என் பக்கம் தள்ளினார். “எழுதறதுக்கு மட்டும் தைரியம் இருக்குதா? நீயே படி. எழுதினவளே படிக்கட்டும், இவங்களும் கேக்கட்டும்.”

என்னால் முடியாது என்று தெரிந்துதான் சொன்னார். நோட்டை எடுத்தேன். எழுத்து தெரிந்தது. சத்தம் வரவில்லை. டீ கொண்டுவந்த ஆள் டம்ளர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டான். அப்பா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார், நேரமாகிவிட்டது என்று.

அவரைப் பார்த்ததும் எப்படியோ முதல் சொல் வந்துவிட்டது. அது என் குரல் மாதிரியே இல்லை.

“இன்று மாலை ஐந்து மணிக்கு, பச்சியப்பன், வயது நாற்பத்தாறு, குட்டிப்பாலம் வழியாகச் சாக்கடைக்குள் இறக்கப்படுவார். சிலாப்பில் மூடி வைக்கப்படவில்லை. திங்கட்கிழமை உள்ளே போன நாய் திரும்பி வரவில்லை. உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இவருக்கு மனைவி சாலம்மாள், இரண்டு பிள்ளைகள். இவர் உயிரோடு வராவிட்டால்...”

அங்கே தொண்டை அடைத்தது. யாரும் இருமவில்லை.

“உயிரோடு வராவிட்டால் நாங்கள் மூவரும் பொறுப்பு என்று சம்மதித்துக் கையெழுத்திடுகிறோம்.”

நோட்டை மேசையில் வைத்தேன். பேனாவையும் பக்கத்தில் வைத்தேன். வழக்கம் அதுதான்.

யாரும் பேனாவைத் தொடவில்லை. மாதவராஜ் முதலாளி சவுரியப்பனைப் பார்த்தார். சவுரியப்பன் நிர்மலாதேவி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்பவும் மாட்டினார்.

“நான் இதுல போட மாட்டேங்க” என்றார்.

“எழுதலன்னா அனுப்பியிருப்பீங்க, இல்ல?” என்றார் சவுரியப்பன்.

“நீங்களும்தான் சவுரியண்ணா. ஆளைக் கூட்டிக்கினு வந்ததே நீங்க.”

“பொட்டப்புள்ள எழுதினதுக்குப் போயி...” என்று மாதவராஜ் முதலாளி தொடங்கினார்.

“அப்ப நீங்க மொதல்ல போடுங்கண்ணா. உங்களுக்கு அடுத்து நான் போடறேன்” என்றார் நிர்மலாதேவி அம்மா.

முதலாளி போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். இப்போது என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு வாயாலேயே சரி என்று சொல்லி அப்பாவை அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயம் வந்தது.

“ஒடைக்கலாம்,” என்றார் நிர்மலாதேவி அம்மா. “எங்கன்னு இப்பவே சொல்லுங்க. பிறகு பாக்கலாம்ங்கற பேச்சே வேணாம். எடம் எழுதாம இந்த ரூமவுட்டு யாரும் எந்திரிக்கக் கூடாது.”

“பஸ் ஸ்டாப்புல ஒடைங்க” என்றார் மாதவராஜ் முதலாளி.

“அடைப்பு இருக்கறது உங்க மண்டி கிட்ட. பஸ் ஸ்டாப்புல ஒடைச்சி எதை எடுக்கறது?” என்றார் நிர்மலாதேவி அம்மா.

“வண்டி திரும்பற எடத்துல...” என்று சவுரியப்பன் ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார். “இல்லீங்க. முதலாளி கடை முன்னாலதான் சரியா இருக்கும். ராத்திரிக்குள்ள எங்க ஆளுங்க ஒடைச்சித் தருவாங்க. லாரிய வரச் சொல்லுங்க.”

மாதவராஜ் முதலாளி கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே, “எழுதிக்க. என் கடை முன்னாடி. மூடியும் அங்கயே. நாளைக்கு அதிகாரி வந்தா குழிய நானே காட்டறேன்” என்றார்.

அடுத்த பக்கத்தில் எழுதினேன். கோணல்மாணலாக வந்தது. மறுபடியும் நானே படித்தேன். இரண்டே வரி. மூன்று கையெழுத்தும் விழுந்தன.

சவுரியப்பன் வாசல் பக்கம் திரும்பினார். “பச்சியப்பா, இன்னிக்கு வேலை இல்லப்பா. ஒடைக்க வந்து நில்லு, கூலி உண்டு.”

“அந்த நம்பருங்கண்ணா?” என்றார் அப்பா.

“அது... பாக்கலாம். பொதுக்குழுவுல வெச்சுப் பேசலாம்.”

சவுரியப்பன் எட்டு வருடமாகச் சொல்கிற பதில் அது. அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தும் நான் நிமிரவில்லை. நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்பா தோளிலிருந்த கயிற்றை இறக்கி வாசலோர பெஞ்சின்மேல் வைத்தார். அவசரமில்லாமல், சுருள் கலையாமல் வைத்தார். பிறகு படி இறங்கிப் போனார்.