கணக்கில் வராத மேற்கோள்

பேராசிரியர் பதவிக்கு நூறு மேற்கோள்கள் வேண்டும். விஹ்ரா தோமோவாவுக்கு நூற்றுப் பதினேழு இருந்தன. அதாவது, அவளுடைய மருத்துவ ஆய்வுகளை எடுத்துக்காட்டி நூற்றுப் பதினேழு கட்டுரைகளில் யார் யாரோ எழுதியிருந்தார்கள். நூலகர் கின்கா முத்திரை குத்திவிட்டால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கோப்பைக் கொடுத்துவிடலாம். ஐம்பத்திரண்டு வயதுவரை இந்த நாற்காலிக்காகத்தான் அவள் மாடாய் உழைத்திருந்தாள்.

கின்கா லேசில் முத்திரை குத்துகிற ஆள் இல்லை. ஒவ்வொரு மேற்கோளுக்கும் அந்த வாக்கியத்தைப் படியெடுத்து ஒட்டியாக வேண்டும். திங்கட்கிழமை விஹ்ரா முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். தன்னை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று எண்ணியிருந்தாளே தவிர, என்ன சொன்னார்கள் என்று அவள் படித்ததில்லை. யார்தான் படிக்கிறார்கள்?

"ஏம்மா விஹ்ரா, இதுல முப்பத்தெட்டு பேர் உன்னைத் திட்டியிருக்காங்களே!" என்றாள் கின்கா.

"திட்டினாலும் கணக்குதானே?"

"கணக்குதான். திட்டினா அரைதான்னு சட்டத்துல போடலை. உன் அதிர்ஷ்டம்!"

முப்பத்தெட்டும் ஒரே கட்டுரையைப் பற்றியவை. டான்யூப் நதிப் பக்கத்துச் சில கிராமங்களில் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் கெட்டுப்போகும். ஐந்து வருடம் முன்னதாகவே சிறுநீரில் ஒரு புரதம் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்று பதினான்கு வருடங்களுக்கு முன் அவள் எழுதியிருந்தாள். செய்து பார்த்தோம், அப்படி எதுவும் தெரியவில்லை என்றார்கள் எல்லோரும். வரிசையாகப் படித்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'தோமோவா எழுதியபடியே மாதிரிகளை உறையவைத்துச் சோதித்தோம்' என்று அத்தனை பேரும் சொல்லியிருந்தார்கள்.

அவள் உறையவைக்கவே இல்லை. அந்த வருடம் ஆய்வு நிலையத்தின் ஃபிரீசர் கெட்டுக் கிடந்தது. ஒரு கிராமத்திலிருந்து வந்த சிறுநீர் மாதிரிகளை வந்த அன்று காலையே சோதித்துவிட்டாள். எங்களிடம் வேலைசெய்யும் ஃபிரீசர்கூட இல்லை என்று வெளிநாட்டு இதழுக்கு எழுத வெட்கப்பட்டு, பழைய கட்டுரை ஒன்றிலிருந்து உறையவைத்ததாகச் சொல்லும் வரியை அப்படியே எடுத்துப் போட்டாள். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஒன்பது காலிக் குப்பிகளோடு அதே கிராமத்துக்குப் போனாள். முதல் வீட்டில் நேதா கதவைத் திறந்தாள். அவளுடைய அக்காவின் பெயர் விஹ்ராவின் பழைய பட்டியலில் இருந்தது.

"மறுபடியுமா, டாக்டரம்மா? போன தடவை எங்க அக்கா குடுத்தா. நீங்க பேப்பர் எழுதினீங்க. பெரிய ஆஸ்பத்திரியில அந்த டெஸ்ட்டை நம்பலை. அக்கா போய்ச் சேந்துட்டா."

விஹ்ரா ஒரு குப்பியை நீட்டினாள். நேதா குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை விஹ்ரா அன்றே சோதித்தாள். மீதியை உறையவைத்து வியாழக்கிழமை சோதித்தாள். செவ்வாய்க்கிழமை மூன்று பேருக்குப் புரதம் தெளிவாகத் தெரிந்தது. வியாழக்கிழமை, உறைந்து உருகிய அந்த மூன்றிலும் ஒன்றுமில்லை. மூன்றில் ஒன்று நேதாவுடையது.

மாதிரிகளை உறையவைக்கவே இல்லை என்று விஹ்ரா இதழுக்கு எழுதிய திருத்தக் கடிதத்தைத் துறைத் தலைவர் தன்செவ் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உனக்கென்ன பைத்தியமா? செய்முறையில பொய் எழுதினேன்னு நீயே கையெழுத்துப் போடுறியே! தலைநகர் சோஃபியாவுலேந்து ஒருத்தன் இதே பதவிக்கு நிக்கிறான், சும்மா விடுவானா? நாற்காலியில உக்காரு. திருத்தத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"பதினாலு வருஷம் ஏற்கெனவே போச்சு, புரொஃபசர். நேதாவோட டாக்டர் இந்த டெஸ்ட்டை இப்ப நம்பணும்."

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிற."

"என் தலைதானே."

அவர் கெஞ்சினார், மிரட்டினார். விஹ்ரா ஒற்றைக்காலில் நின்றாள். அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. ஆனாலும் அன்று மாலையே கடிதம் இதழுக்குப் போனது. ஒரு பிரதி நேதாவின் டாக்டருக்குப் போனது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அதே கடிதத்தைக் கின்காவின் மேசையில் வைத்தாள். கின்கா அதை இரண்டு முறை படித்தாள்.

"இதுவும் உன் கட்டுரையைத்தான் குறிப்பிடுது. ஆனா உன்னைப் பத்தி நீயே எழுதினா கணக்குல வராதும்மா. தெரியுமில்ல?"

"தெரியும். முதல் பக்கத்துல ஒட்டு."

"கோப்பைத் திறந்ததும் இதுதானே கண்ல படும்?"

"படட்டும்."

கின்கா பசை தடவி ஒட்டினாள். எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினாள். பிறகு அந்தப் பூஜ்யத்தின் மேல், மற்ற எதற்கும் இல்லாத அழுத்தத்தோடு, முத்திரையைக் குத்தினாள்.