கடைசி பெஞ்சைப் பார்க்கும் வகுப்பு

"மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?" என்று குட்டி டீச்சர் கேட்டாள்.

"மூணுல ஒண்ணு" என்று எழுந்தாள் முன்வரிசைப் பெண்.

"சரி, உட்காரு."

அவள் உட்காரவில்லை. கழுத்தைத் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். வகுப்பே அவளோடு திரும்பியது. அங்கே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த பெரிய டீச்சர் நிமிராமலேயே தலையாட்டினார். அதற்கப்புறம்தான் அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

ஆசிரியர் பயிற்சியில் ஆறு வாரம் பாடம் நடத்திப் பழக வந்தவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் குட்டி டீச்சர். வகுப்பு பெரிய டீச்சருடையது. இவளுக்கு வழிகாட்டியும் அவர்தான். நாளைக் காலை கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் மார்க் போட வருகிறார். வகுப்பு இவள் கையில் இல்லை என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த வருடம் எல்லாம் முதலிலிருந்து.

மணியடித்துப் பிள்ளைகள் போனதும் அவள் கதவைச் சாத்தினாள்.

"ஏன் கதவை இந்த அடி அடிக்கிற?" என்றார் பெரிய டீச்சர்.

"நான் சரின்னு சொன்னா பிள்ளைங்க ஏன் டீச்சர் உங்களைப் பாக்குதுங்க?"

"வருஷ ஆரம்பத்துலேர்ந்து என் முகத்தைப் பாத்த பழக்கம்."

"பழக்கம் இல்ல. நீங்க தலையாட்டுறீங்க."

"நானா? நான் பாட்டுக்கு நோட்டு திருத்திட்டு இருக்கேன்."

"திருத்திக்கிட்டே ஆட்டுறீங்க. போன வாரம் நான் போர்டுல எழுதும்போதே, 'அது அப்படி இல்லம்மா'ன்னு பின்னாடியிருந்து குரல் குடுத்தீங்க. அன்னிலேர்ந்து நான் வாயைத் திறந்தா அதுங்களுக்கு உங்க சாட்சி வேணும்."

"தப்பா எழுதினா சொல்ல வேண்டாமா? அத்தனை பிள்ளைங்களும் தப்பாவே படிச்சுட்டுப் போகட்டுமா?"

"பாடம் முடிஞ்சு என்கிட்ட சொல்லுங்க. அவங்க முன்னாடி என் மூக்கை அறுக்காதீங்க."

பெரிய டீச்சர் பேனாவை மூடினார். "நான் பயிற்சிக்குப் போனப்ப எங்க டீச்சர் சாக்பீஸை எறிவாங்க. நான் வாயே திறந்ததில்ல, தெரியுமா?"

"அதுக்கு அந்தம்மாகிட்ட போய்க் கேளுங்க. அந்தக் கோபத்தை என்கிட்ட ஏன் காட்டுறீங்க?"

அது அதிகம்தான் என்று குட்டி டீச்சருக்கே தெரிந்தது. இருந்தும் சொன்னதை அவள் திரும்ப வாங்கவில்லை.

"ரொம்பத்தான் வாய் உனக்கு" என்று பெரிய டீச்சர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரிய டீச்சர் உள்ளே வந்தார்; இவள் பக்கம் பார்க்கவேயில்லை. நேரே முன்வரிசைக்குப் போய், "தள்ளி உட்காருங்கடி" என்று இரண்டு பெண்களுக்கு நடுவே முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். வகுப்புக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. முகம் தெரிந்தது குட்டி டீச்சருக்கு மட்டும்; அது கடுகடுவென்றிருந்தது.

முதல் பதிலுக்கே தலைகள் பின்னால் திரும்பின. அங்கே முன்பின் தெரியாத ஆள் முறைத்தார். முன்னால் பெரிய டீச்சரின் கொண்டை. போக்கிடம் இல்லாமல் கண்களெல்லாம் கரும்பலகைக்கு வந்தன.

பாதியில் அவள் கை தவறியது. ஆறில் ஐந்து என்று வரவேண்டிய விடையை ஐந்தில் ஆறு என்று எழுதிவிட்டாள். பெரிய டீச்சரின் வாய் திறந்தது. மூடியது. விரல்கள் பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடித்தன.

"டீச்சர், மேல கீழ மாறிடுச்சு" என்றான் ஜன்னலோரப் பையன், குட்டி டீச்சரையே பார்த்து.

"ஆமா, மாறிடுச்சு. நீயே வந்து மாத்து."

பாடம் முடிந்ததும் விரிவுரையாளர், "வேகம் ஜாஸ்தி. பிள்ளைங்க உன்கூடத்தான் இருக்காங்க. பாஸ்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிள்ளைகளும் விளையாட ஓடினார்கள்.

பெரிய டீச்சர் சின்ன பெஞ்சிலிருந்து எழ முடியாமல் எழுந்தார். "அஞ்சுல ஆறாம். பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"பாத்தேன். ரொம்ப நன்..."

"நன்றியெல்லாம் வேண்டாம். நேத்து நீ பேசினது எனக்கு இன்னும் எரியுது."

"எனக்கும் போன வாரத்துலேர்ந்து எரியுது டீச்சர்."

"சரி, உட்காரு. முதல் பத்து நிமிஷம் என் வரிசையிலேயே மூலையில இருந்தவன் தூங்கிட்டு இருந்தான், கவனிச்சியா?"

"கவனிச்சேன். வேணும்னுதான் விட்டேன்."

"ஏன் விட்ட?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் பெரிய டீச்சர்.