கையை எடுங்க அண்ணாச்சி

படம் ஆரம்பிக்கும் முன்பே செயலாளர் வைத்தியலிங்கம் சார் என் நாற்காலிப் பக்கம் வந்து குனிந்தார். "சாலோமி டீச்சர், இன்னைக்குப் படம் ஒரு மாதிரி. நீங்க பைய வீட்டுக்குப் போயிருங்க."

எங்கள் திரைப்படச் சங்கத்தில் நாற்பது ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண். இந்தப் படம் வரும் வரும் என்று எட்டு மாதம் காத்திருந்தவள். "முழுசா பாத்துட்டுத்தான் சார் போவேன்" என்றேன்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன் நியூயார்க்கில், வேலைவெட்டி இல்லாத சில கவிஞர்கள் ஒரு மாடி அறையில் எடுத்த படம். போலீஸ் தடுத்ததால் அந்த ஊரிலேயே ஒளித்துவைத்துத்தான் ஓட்டினார்களாம். கதை என்று ஒன்றும் கிடையாது. ஒருவன் மேஜைமேல் ஏறிக் கத்துகிறான். ஒருவன் ஷூவில் காபி ஊற்றிக் குடிக்கிறான். பக்கத்து நாற்காலியில் சங்க உறுப்பினர் குமரகுருபரன் கொட்டாவி விட்டார். எனக்கோ சிரிப்பும் எரிச்சலும் பொறாமையும் சேர்ந்து வந்தன. யாருக்கும் பதில் சொல்லாமல் இப்படி ஒரு மத்தியானமாவது நான் இருந்திருக்கிறேனா?

திரையில் ஒருத்தி கைகழுவும் தொட்டியருகே வந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். சட்டையின் முதல் பொத்தானில் கை வைத்தாள். திரை இருண்டது.

அது புரொஜெக்டர் ஓட்டும் தேவசிகாமணி அண்ணாச்சியின் கை. ஊர் ஊராகக் குடும்பக்கட்டுப்பாட்டுப் படம் ஓட்டிய மனிதர். பிரசவக் காட்சி வந்தால் புரொஜெக்டர் முன்னால் உள்ளங்கையை வைத்து, பத்து எண்ணிவிட்டு எடுப்பார். பிலிமை வெட்டினால் திரும்ப ஒட்ட வேண்டும், கை என்றால் அந்தத் தொல்லை இல்லை என்பது அவர் கட்சி.

எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "கையை எடுங்க அண்ணாச்சி."

"செயலாளர்தாம்மா வைக்கச் சொன்னாரு."

"இந்த இடத்துல இது வரும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து கமிட்டிக்குப் போட்டோம்லா? இந்த இடத்தை ரெண்டு தடவை பாத்தாங்க. அப்போ கையை வைக்கச் சொல்லலியே."

வெள்ளந்தியாகத்தான் சொன்னார். கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. பின்வரிசையில் யாரோ "ரெண்டு தடவையா வே!" என்றதும் ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர் ஆற்றில், குறுக்குத்துறைப் படித்துறையில் பெண்கள் மாரில் கட்டிய பாவாடையோடு குளிக்கிறார்கள். நாலு படி தள்ளி ஆண்கள் பல் விளக்குகிறார்கள். அங்கே போய்க் கை வைக்க எந்தச் செயலாளரையும் காணோம். "பின்னால சுத்திப் போடுங்க. போடாம நான் இங்கனயிருந்து நகர மாட்டேன்."

அண்ணாச்சி செயலாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுற்றினார்.

அவள் சட்டையைக் கழற்றினாள். தொட்டியில் அலசினாள். பிழிந்து உதறி ஜன்னல் கம்பியில் போட்டாள். பிறகு மார்பை மறைக்காமல், எங்களைப் பார்த்தபடியே நின்றாள். அவ்வளவுதான். நானும் கண்ணை எடுக்கவில்லை.

விளக்கு போட்டதும் வைத்தியலிங்கம் சார் முகம் சிவக்க வந்தார். "நாளைக்கு உங்க ஸ்கூல்ல என்ன படம் பாத்தீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஒருத்தி சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டா, அதைப் பாத்தேன்னு சொல்லுவேன் சார். நீங்க ரெண்டு தடவையும் என்னத்தப் பாத்தீங்க?"